கயிறு பிடித்திருக்கும் கைகள்

திருநாள் என்பது உறவுகள் ஒன்றுகூடும் நாள். புத்தாடையும் விருந்தும் அதன் புறக்கோலங்கள். வீட்டார் அனைவரும் ஓரிடத்தில் அமர்ந்து உண்பதே அதன் உயிர். அதனாலேயே வீட்டில் ஒருவர் இல்லாத குறை, மற்ற நாட்களைக் காட்டிலும் திருநாளன்று மிகுதியாகத் தோன்றுகிறது. முத்துக்குளித்துறை மக்களுக்கு இதனை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தோணியேறிச் சென்றவரையும், கப்பலில் பணிபுரிபவரையும், வளைகுடா நாடுகளுக்குப் பொருளீட்டச் சென்றவரையும் எண்ணிக் காத்திருக்கும் இல்லங்கள் தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் மணப்பாட்டிலும் எத்தனையோ உள. ஆயினும் காத்திருக்கும் இல்லங்களுள் நாம் அதிகம் எண்ணிப் பாராத ஓர் இல்லம் உண்டு. அது படைவீரனின் இல்லம்.

பொருள்வயிற் பிரிந்தவர் தம் குடும்பத்தின் பொருட்டுப் பிரிந்தவர். படைவீரன் பிரிந்திருப்பதோ நம் அனைவரின் பொருட்டு. தரைப்படை வீரனுக்கு ஆண்டுக்கு 60 நாட்கள் விடுப்பு உண்டு. எனினும் எல்லைக் காவலை ஒரே நாளில் எல்லாரும் விட்டு வர இயலாது. ஒருவன் பொங்கலுக்கு ஊர் வரவேண்டுமெனில் மற்றொருவன் அங்கே நின்றாக வேண்டும். 1984 முதல் நம் வீரர்கள் காத்துவரும் சியாச்சின் பனிமலையில், 2016 பிப்ரவரியில் பனிச்சரிவில் சிக்கி மதராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த 10 வீரர்கள் உயிர்நீத்தனர். அவர்களுள் நால்வர் தமிழகத்தார். நாம் பொங்கலிட்டு மூன்று வாரங்கள்கூட நிறைவுறாத காலம் அது.

படைமுகாமிலும் பெருநாள் வரத்தான் செய்கிறது. எல்லாச் சமயத்தாரும் ஒரே கூரையின்கீழ் வழிபடும் 'சர்வ தர்ம ஸ்தல்' எனும் ஏற்பாடு நம் தரைப்படையில் உண்டு. 'படா கானா' எனப்படும் பொது விருந்தும் உண்டு. 1948இல் காஷ்மீரப் போரில் வீழ்ந்த பிரிகேடியர் முகம்மது உஸ்மானும், 1965இல் கேம்கரண் பகுதிப் போரில் உயிர்கொடுத்துப் பரம் வீர் சக்கர விருது பெற்ற அப்துல் ஹமீதும் இத்தகைய படையில் வாழ்ந்தவர்களே. முகாமில் இருப்பவனுக்குத் தோழர்கள் உள்ளனர். ஊரில் அவனுடைய தாய்க்கும் மனைவிக்கும் மக்களுக்கும் யார் உள்ளனர் என்பதே ஈண்டு நம் வினா.

இவ்வினாவிற்கு விடைகாண நம் கடற்கரையின் பழந்தொழில் ஒன்றே துணைசெய்யும். முத்துக்குளிப்பில் கல்லைப் பற்றிக்கொண்டு கடலடிக்குச் செல்பவர் ஒருவர். தோணியில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பவர் மற்றொருவர். மூழ்கியவரின் உயிர் மேலே நிற்பவரின் கையில் இருந்தது. அவர் கவனம் சிதறினால், எத்துணைத் திறம் வாய்ந்தவராயினும் மூழ்கியவர் மீள்வது அரிது. நாட்டின் பொருட்டு ஒருவன் மூழ்கியிருக்கும்போது கயிறு பிடித்திருக்க வேண்டியவர்கள் அவனுடைய ஊராராகிய நாமே.

நாம் எதுவுமே செய்வதில்லை என்று கூறுதல் முறையன்று. 1949 முதல் ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் நாள் படைவீரர் கொடிநாளாகக் கொண்டாடப்படுகிறது. போரில் உயிரிழந்தோர் குடும்பங்கள், உடலுறுப்பு இழந்தோர், முன்னாள் படைவீரர் ஆகியோர் நலனுக்கு அன்று திரட்டப்படும் நிதி பயன்படுகிறது. கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் நாம் பணம் தந்து கொடியைச் சட்டையில் குத்திக்கொள்கிறோம். மாலையில் சட்டையைக் கழற்றும்போது கொடியோடு நினைவும் கழன்றுவிடுகிறது. அதன்பின் கிறிஸ்துமஸ் வருகிறது, பொங்கல் வருகிறது, பிறையின் கணக்கிற்கேற்ப நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் வருகின்றன. அந்நாட்களில் நம் தெருவிலுள்ள படைவீரன் வீட்டுக் கதவைத் தட்டியவர் எத்தனை பேர்?

2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் காவற்படையினர் 40 பேர் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவர் கயத்தாறு வட்டாரத்துச் சவலாப்பேரியைச் சேர்ந்த சுப்பிரமணியன். பொங்கல் விடுப்பில் ஊர் வந்து, பணிக்குத் திரும்பிய சில நாட்களிலேயே அவர் உயிரிழந்தார். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் வீழ்ந்த 20 வீரர்களுள் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியும் ஒருவர். அவருக்கு வீர் சக்கர விருது வழங்கப்பெற்றது. இவர்களின் மறைவுச் செய்தி கேட்டு நாடே கலங்கியது. அக்கலக்கம் மெய்யானதே. ஆயினும் ஒரு குடும்பத்திற்கு ஊரின் துணை மிகுதியும் தேவைப்படுவது அந்த ஒரு நாளில் மட்டுமன்று. கூட்டம் கலைந்தபின் வரும் முதற் பொங்கலிலும், அதற்கடுத்த பொங்கலிலும், எவரும் நினைவுகூராத பத்தாவது பொங்கலிலுமே ஆகும்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். பத்துப்பாட்டில் நெடுநல்வாடையும் முல்லைப்பாட்டும் அடுத்தடுத்து வைத்து எண்ணத்தக்கவை. நெடுநல்வாடையில், வாடை வீசும் நள்ளிரவில் மன்னன் உறங்காது பாசறையில் உலவிப் புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் அளிக்கிறான். அது அரசின் கடமை. முல்லைப்பாட்டிலோ, தலைவன் போர்மேற் சென்றபின் தனித்திருக்கும் தலைவியின் பொருட்டு முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று, நெல்லும் முல்லைமலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். கன்றைத் தேற்றும் ஆயர்மகளின் மொழியை நற்சொல்லாகக் கொண்டு வந்து தலைவியிடம் கூறுகின்றனர். அச்சொல் கேட்டும் அவள் துயர் தணியவில்லை. அவர்கள் அவளைத் தேற்றுவதையும் விடவில்லை. அது சுற்றத்தின் கடமை. ஓய்வூதியமும் கருணைத்தொகையும் அரசின் கடமையைச் சாரும். முதுபெண்டிர் செய்த பணியை எந்த அரசாணையாலும் செய்ய இயலாது.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். போரையே ஏற்காதவர் படைவீரனை நினைவுகூர்வது எங்ஙனம் என்பர். இத்தடைக்குரிய சான்று நம் கடலுக்கு அப்பாலேயே உள்ளது. 1987 ஜூலையில் இலங்கை சென்ற இந்திய அமைதிகாக்கும் படை 1990 மார்ச்சில் திரும்பியது. ஏறத்தாழ 1,200 வீரர்கள் அங்கே உயிரிழந்தனர். அக்காலத்தில் ஈழத்தமிழ் மக்கள் அடைந்த துயரம் பெரிது. அதனை எவரும் மறைத்தல் இயலாது. அதனாலேயே சென்னைத் துறைமுகத்தில் நடைபெற்ற வரவேற்பில் அன்றைய தமிழக முதலமைச்சர் கலந்துகொள்ளவில்லை. அம்முடிவின் நியாயத்தை வரலாறு ஆராயட்டும். ஆனால் படையை அனுப்பிய முடிவு வீரனுடையதன்று, அவனுடைய தாயுடையதுமன்று. உயிரிழந்த அவ்வீரர்களுக்குக் கொழும்பை அடுத்த கோட்டையில் நினைவுச்சின்னம் உள்ளது. 2019இல் திறக்கப்பெற்ற புதுதில்லி தேசியப் போர் நினைவுச்சின்னத்திலும் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லில் இடம்பெற முப்பதாண்டுகள் கழிந்தாலும், அடுத்த வீட்டார் நெஞ்சில் இடம்பெறுவதற்கு அத்துணைக் காலம் ஆகலாகாது. ஒரு போரை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். காத்திருக்கும் வீட்டின் துயரை மறுக்கும் உரிமை நமக்கில்லை.

நோன்புப் பெருநாளுக்கு முன் பித்ரா எனும் கொடை வழங்கப்பெறுவதன் நோக்கம் இவ்விடத்து எண்ணத்தக்கது. பெருநாள் தொழுகைக்கு முன்னரே அது உரியவரைச் சென்றடைய வேண்டும்; அண்டை வீடு வாடியிருக்க நம் வீட்டில் பெருநாள் தொடங்கலாகாது என்பதே அதன் உட்பொருள். வாட்டம் வறுமையால் மட்டும் வருவதில்லை, பிரிவாலும் வருகிறது. பெருநாட் காலையில் படைவீரன் வீட்டிற்குச் சென்று, அவனுடைய முதிய பெற்றோரிடம் நலம் உசாவி, அவன் மக்களைத் தம் வீட்டு விருந்திற்கு அழைத்துவர ஜமாஅத்துப் பெரியோர்களும் பங்குப் பேரவையினரும் ஊர்ப் பெரியவர்களும் முன்வரல் வேண்டும். அவ்வீட்டார் எச்சமயத்தவர் என்று பார்த்தல் வேண்டா.

மாணவச் செல்வங்களுக்கும் இதில் பணி உண்டு. படைத்துறை ஓய்வூதியம் இன்று 'ஸ்பர்ஷ்' எனும் இணையவழி முறையில் வழங்கப்படுகிறது. ஓய்வூதியம் பெறுவோர் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்தாக வேண்டும். தவறின் ஓய்வூதியம் தடைப்படக்கூடும். மகனை இழந்த மூதாட்டி ஒருவர், கடவுச்சொல் அறியாது, கைரேகை தேய்ந்த விரலுடன் கணினி முன் தனியே அமர்ந்திருப்பதைக் காட்டிலும் இரங்கத்தக்க காட்சி வேறில்லை. அவருக்கு அருகில் அமர்ந்து உதவ, கணினி பயின்ற இளைஞர் ஒருவரும் அரைமணி நேரமும் போதும். நம் தேசிய மாணவர் படையும் நாட்டு நலப்பணித் திட்டமும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகி, உதவி வேண்டும் குடும்பங்களை அறிந்து இப்பணியை மேற்கொள்ளலாம். விண்ணப்பம் எழுதித் தருதல், அலுவலகத்திற்கு உடன் செல்லுதல், அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லித் தருதல் ஆகியன பெருஞ்செலவில்லாப் பணிகள்.

வரும் டிசம்பர் 7 அன்று கொடியை வாங்குவோம். இயன்ற அளவு தாராளமாகவே பணம் தருவோம். அத்துடன், அக்கொடி நாம் செலுத்திய பணத்திற்குரிய பற்றுச்சீட்டு அன்று, இனிச் செல்லவேண்டிய வீட்டின் முகவரி என்பதையும் உளங்கொள்வோம். கடலடியில் இருப்பவர் கயிற்றை அசைக்கும்போது மேலே நிற்பவர் விழித்திருத்தல் வேண்டும். முத்துக்குளித்துறையில் பிறந்தவர்க்கு இது புதிய பாடமன்று.