அயல் சரக்கு எது?

தென்கிழக்காசியக் கலைஞர்கள் அரசியல் பேசுவது மேலைநாட்டுக் கண்காட்சிகளின் மனம் குளிரவே என்றும், அழகையும் இணக்கத்தையும் போற்றும் அம்மண்ணின் மரபுக்கு ஒவ்வாத இறக்குமதி அது என்றும் ஒரு கருத்து நெடுநாளாக நிலவி வருகிறது. இந்தோனேசியாவின் ஓவிய வரலாறோ இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. டச்சு ஆட்சிக்காலத்தில் மலை, தென்னை, வயல் ஆகிய மூன்றையும் சலிக்காமல் வரைந்து குவித்த ‘மோய் இன்டி’, அதாவது ‘அழகிய இண்டீஸ்’, பாணி ஓவியங்களே ஐரோப்பியருக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் விற்கப்பட்டவை. அயல் சரக்கு என்ற முத்திரை எதன் மேலாவது குத்தப்பட வேண்டுமெனில் அவற்றின் மேல்தான் முதலில் குத்தப்பட வேண்டும். 1938இல் பெர்சாகி என்னும் ஓவியர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான சுஜோயோனோ அவற்றைக் கடுமையாகச் சாடி, மக்களின் உண்மை வாழ்வை வரையுமாறு வலியுறுத்தினார்.

விடுதலைக்குப் பின், சுகார்த்தோவின் இராணுவ ஆட்சியில் அதே சர்ச்சை மீண்டும் எழுந்தது. 1974 டிசம்பரில் ஜகார்த்தாவில் நடந்த பெரும் ஓவியக் கண்காட்சியில் அலங்கார ஓவியங்கள் பரிசு பெற்றதைக் கண்டித்து இளங்கலைஞர்கள் ‘கறுப்பு டிசம்பர்’ அறிக்கையில் கையொப்பமிட்டனர். மறு ஆண்டே புதிய நுண்கலை இயக்கம் உருவாயிற்று. அவ்வியக்கத்தைச் சேர்ந்த எப்.எக்ஸ். ஹர்சோனோ 1977இல், அந்நாட்டார் சோற்றோடு நொறுக்கித் தின்னும் அப்பள வகையான குருபுக்கை இளஞ்சிவப்பு நிறத்தில் கைத்துப்பாக்கி வடிவமாகச் செய்வித்துத் தரையில் குவித்தார். அருகே மேசையும் குறிப்பேடும் வைத்து, இவை நிஜத் துப்பாக்கிகளாக மாறினால் என்ன செய்வீர்கள் என்று பார்வையாளரை எழுதச் சொன்னார். பொருள்களை ஓரிடத்தில் அமைத்துப் பார்வையாளரையும் அதற்குள் இழுத்துக்கொள்ளும் நிறுவல் கலை என்ற வடிவம் வெளியிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும் (கித்தானும் எண்ணெய் வண்ணமும் மட்டும் உள்ளூரிலா விளைந்தன?), இராணுவத்தின் பிடியில் வாழ்ந்த மக்களிடம், அவர்கள் அன்றாடம் தின்னும் பண்டத்தைக் கொண்டே கேட்கப்பட்ட அந்தக் கேள்வி ஜாவாவில் பிறந்தது.

1993இல் பிரிஸ்பேனில் தொடங்கிய ஆசிய பசிபிக் கண்காட்சி போன்றவற்றால் இக்கலைக்குப் பின்னாளில் வெளிநாட்டுச் சந்தை கிடைத்தது உண்மையே, அதற்கெனவே சிலர் படைத்திருக்கவும் கூடும். ஆயினும் பின்னால் வந்த சந்தையை முன்னால் நிகழ்ந்த பிறப்புக்குக் காரணமாக்குவது காலக்கணக்கையே மறுப்பதாகும். சந்தை வந்த பிறகும் அதை எண்ணாமல் பிறந்த கலை உண்டு. மியன்மார் ஓவியர் டெய்ன் லின் 1998 முதல் 2004 வரை அரசியல் கைதியாகச் சிறையிலிருந்தபோது, தூரிகை கிடைக்காமல் ஊசிக்குழலையும் சிகரெட் லைட்டரின் சக்கரத்தையும் கொண்டு கைதிகளின் சீருடைத் துணிகளில் ஒளித்து ஒளித்து வரைந்தார். அவர் மனம் குளிர்விக்க வேண்டிய கண்காட்சி அமைப்பாளர் எவரும் அச்சிறைக்குள் இல்லை.