ஒன்பதுக்கு ஆறு!

விளையாட்டு ரசிகர்களில் இரண்டு ரகம். மேட்ச் முடிந்த பிறகு பேசுகிறவர்கள் ஒரு ரகம். மேட்ச் ஆரம்பிக்கும் முன்பே பேசி, ஆடி, ஜெயித்தும் விடுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகம் சாது. இரண்டாவது ரகத்திடம் மாட்டினால் காபி ஆறிவிடும்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் இந்த இரண்டாவது ரகம்தான் ஏராளம். அங்கே காலேஜ் ஃபுட்பால் என்பது கிட்டத்தட்ட கோயில் திருவிழா. ஃபுட்பால் என்றதும் மாரடோனாவை நினைத்துவிடாதீர்கள். இது பந்தைக் கையால் எறிந்து, மாரோடு அணைத்துக்கொண்டு ஓடி, ஹெல்மெட்டோடு மோதுகிற வேறு சமாச்சாரம். காலால் உதைப்பது எப்போதாவதுதான். (அந்த 'எப்போதாவது'க்குப் பிறகு வருகிறேன்.)

விதிமுறைகளை முழுக்கச் சொன்னால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். சுருக்கமாக: ஒரு பக்கம் பதினோரு பேர். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னொரு நாலு முயற்சி. இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு பாயிண்ட். தாண்ட முடியாவிட்டால், தூரத்தில் நடப்பட்ட இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பலாம். அது ஃபீல்டு கோல், மூன்று பாயிண்ட்.

முக்கியமான விஷயம், தாக்குகிற கோஷ்டி வேறு, தடுக்கிற கோஷ்டி வேறு. கபடியில் பாடிப் போகிறவனே திரும்பி வந்து பிடிக்கவும் பிடிப்பான். இங்கே பாடுகிற பதினோரு பேர் தனி, பிடிக்கிற பதினோரு பேர் தனி!

2011 நவம்பர். ஆபீஸ் வேலையாக நான் அட்லாண்டாவில் இருந்தேன். அந்த மாதம் 5-ம் தேதி லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கும் அலபாமா யுனிவர்சிட்டிக்கும் மேட்ச். தரவரிசையில் முதல் இடமும் இரண்டாம் இடமும். இரண்டுமே அதுவரை ஆடிய எட்டு ஆட்டத்தையும் ஜெயித்தவை. போதாததற்கு முந்தைய வாரம் இரண்டு அணிக்கும் லீவு. ஆக, ரசிகர்களுக்குப் பேசுவதற்கு முழுசாக இரண்டு வாரம்!

எங்கள் ஆபீசில் இரண்டு தமிழ் இளைஞர்கள். ஒருவர் மதுரை, அலபாமாவில் எம்.எஸ். படித்தவர். இன்னொருவர் திருநெல்வேலி, லூசியானாவில் படித்தவர். தினமும் ஒரே காரில் வந்து, ஒரே டப்பா தயிர்சாதத்தைப் பங்கு போட்டுக்கொள்கிற சிநேகிதர்கள். அந்த இரண்டு வாரம் மட்டும் எதிரிகள். சாப்பாட்டு மேஜையில் உப்புப் பொட்டலம் லூசியானா, மிளகுப் பொட்டலம் அலபாமா.

"ரிச்சர்ட்சன் பந்தோட ஓடி வந்தா எவன்டா நிறுத்துவான்?" இது மதுரை. டிரென்ட் ரிச்சர்ட்சன், அலபாமாவின் புல்டோசர்.

"எவனும் தனியா நிறுத்த வேண்டாம். முன்னாடி நாலு பேர் நடு வழியை அடைச்சாப் போதும். ஓரமா ஓடுவான். ஓரத்துல மேத்யூ நிப்பான்."

"அந்த அஞ்சடி ஒம்பது அங்குலப் பையனா? மிதிச்சுட்டுப் போயிருவான்!"

"மேத்யூ ஆளைப் பிடிக்க மாட்டான்டா. பந்தைப் பிடுங்குவான்."

டைரன் மேத்யூவுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'ஹனி பேட்ஜர்'. சிங்கத்தையே முறைக்கிற ஒரு குட்டி விலங்கு அது.

"எங்களுக்கு முன்னாடி மூணு பேர்தான். பின்னாடி நாலு லைன்பேக்கர். அதுல எவன் பாய்வான், எவன் நிப்பான்னு உங்க குவார்ட்டர்பேக்குக்குத் தெரியவே தெரியாது. அது சரி, உங்க குவார்ட்டர்பேக் யாரு? ரெண்டு பேரை வெச்சிருக்கீங்களே! ரெண்டு டிரைவர் ஓட்டற பஸ் ஊர் போய்ச் சேருமா?"

"ஒருத்தன் அசந்தா இன்னொருத்தன் ஓட்டுவான். ராத்திரி பஸ் எல்லாம் அப்படித்தான் போகுது!"

அலபாமாவின் கோச் நிக் சேபன், முன்பு ஐந்து சீசன் லூசியானாவுக்குக் கோச்சாக இருந்து, 2003 சீசனில் சாம்பியன் பட்டமும் வாங்கிக் கொடுத்தவர். பழைய மாப்பிள்ளை எதிர்வீட்டில் சம்பந்தம் செய்தால் சும்மா இருப்பார்களா?

நான் மெதுவாகக் கேட்டேன். "இவ்வளவு நேரமாப் பேசறீங்க. யார் எத்தனை பாயிண்ட் எடுப்பாங்கன்னு ஒருத்தரும் சொல்லலியே?"

இருவரும் ஒரே சமயத்தில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். "ஸார், இந்த மேட்ச்ல யாரும் எடுக்க மாட்டாங்க. எடுக்க விடவும் மாட்டாங்க!"

எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப் போனது அங்கேதான். தாக்குகிறவனை ரசிக்க யாரும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தடுக்கிறவனை ரசிக்கக் கொஞ்சம் படிக்க வேண்டும். அவன் தன் வேலையைச் சரியாகச் செய்தால் பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காது! ஒன்றாம் தேதி சம்பளம் ஒழுங்காக வந்தது என்பதற்காக அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்கு யாராவது கை தட்டியிருக்கிறோமா?

மேட்ச் நடந்தது. அலபாமாவின் டஸ்கலூசா ஊர் ஸ்டேடியத்தில் லட்சம் பேருக்கு மேல். நம்புங்கள், ஒரு டச் டவுன்கூட இல்லை. நாலாவது கால் பகுதியில் ஆறுக்கு ஆறு என்றிருந்தபோது அலபாமா எறிந்த நீளமான பந்து, எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் ஆளின் கைக்கே வந்துவிட்டது. லூசியானாவின் எரிக் ரீட் கூடவே எகிறி, தரையில் விழுவதற்குள் அதைப் பிடுங்கிக்கொண்டார். கடைசியில் கூடுதல் நேரத்தில் லூசியானா 9, அலபாமா 6. மறு வருஷம் என்.எஃப்.எல். அணிகள் காலேஜ் ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தபோது, முதல் சுற்றிலேயே இந்த இரண்டு அணிகளின் தடுப்பாட்டக்காரர்கள் ஐந்து பேர் போனார்கள். உப்பும் மிளகும் சொன்னது அத்தனையும் பலித்தது.

ஆனால் ஒரு விஷயம். விழுந்த பதினைந்து பாயிண்டும் காலால் உதைத்து வந்தவை! லூசியானாவின் ட்ரூ ஆலமன் மூன்று முறை உதைத்தார், மூன்றும் உள்ளே. அலபாமா ஆறு முறை உதைத்தது, நாலு வீண். அந்த நாலில் ஒன்று உள்ளே போயிருந்தால்கூடக் கதை வேறு. இரண்டு வார விவாதத்தில் உதைக்கிறவர்கள் பெயரை ஒரு பொட்டலம்கூட உச்சரிக்கவில்லை.

2012 ஜனவரி 9-ம் தேதி நியூ ஆர்லியன்சில், சாம்பியன் பட்டத்துக்காக அதே இரண்டு அணிகள் மறுபடி மோதின. அலபாமா 21, லூசியானா பூஜ்யம். நவம்பரில் எதிராளி தடுத்துவிட்ட உதை ஒன்று இருந்ததே, அதை உதைத்த ஜெரமி ஷெல்லி அன்று ஐந்து ஃபீல்டு கோல் போட்டார்!

இத்தோடு முடித்தால் கதை இனிப்பாக இருக்கும். முடியவில்லை. நவம்பர் மேட்சில் மூன்று உதைகளைத் தவறவிட்டவர் கேட் ஃபாஸ்டர் என்கிற மாணவர். 2013 நவம்பர் 30-ம் தேதி, பரம எதிரியான ஆபர்னுடன் நடந்த ஆட்டத்திலும் அவருடைய உதைகள் பலிக்கவில்லை. அலபாமா தோற்றது. அன்று ராத்திரியே இன்டர்நெட்டில் வசவு, கொலை மிரட்டல்!

அந்தக் காலகட்டத்தில் கோச் சேபனுக்கு வருஷத்துக்கு நாற்பது லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். ஆடிய பையன்களுக்கு ஸ்காலர்ஷிப்தான். தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து அவர்கள் காசு பார்க்கலாம் என்ற அனுமதி வந்ததே 2021 ஜூலையில்தான். யுனிவர்சிட்டியே நேராகப் பணம் கொடுக்கலாம் என்றானது 2025-ல். அதாவது, மிரட்டியவர்கள் மிரட்டியது ஒரு கூலி வாங்காத மாணவனை. ஞாயிறு கழிந்தால் அவனுக்கு வகுப்பு இருக்கும், நோட்ஸ் எடுக்க வேண்டும், பக்கத்து பெஞ்ச் பார்க்கும்.

மேட்சுக்கு முன்னால் வாதாடுவது சுகம். யாருக்கும் நஷ்டமில்லாத சண்டை அது. உப்பையும் மிளகையும் நகர்த்தி ராத்திரி வரை பேசலாம், தயிர்சாதம் ஒரே டப்பாவில் இருக்கும் வரை. ஆட்டம் முடிந்ததும் யாரோ ஒருவன் தலையை உருட்டியே தீர வேண்டும் என்று கிளம்புகிறார்களே, அங்கேதான் ரசிகன் காணாமல் போகிறான்.

ஃபாஸ்டருக்குக் கைப்பட ஆறுதல் கடிதம் எழுதியவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அவர் 43-வது ஜனாதிபதி, ஃபாஸ்டரின் பனியன் நம்பரும் 43. நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு ஒரு முன்னாள் ஜனாதிபதி எதற்கு, ஸார்? லட்சம் பேரில் ஒரு ரசிகர் போதும். ஒரு போஸ்ட் கார்டு போதும்.