நாய்க்குத் தெரியாத பண்டிகை

பண்டிகைக் காலத்தில் வளர்ப்புப் பிராணிகளைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் குறிப்புகளாகவே முடிந்துவிடுகின்றன. ஜன்னலைச் சாத்துங்கள், வானொலியை ஓடவிடுங்கள், கட்டிலுக்கு அடியில் இடம் கொடுங்கள். அவற்றில் தவறில்லை. ஆனால் சத்தம் எப்போது வரும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால்தான் அவை பயன்படும். எவரும் எப்போது வேண்டுமானாலும் திரி கிள்ளலாம் என்றிருக்கும் தெருவில் எந்த ஜன்னலை எத்தனை நாள் சாத்தி வைப்பது?

தூத்துக்குடியில் இக்கேள்வி ஆண்டுக்கு ஒருமுறை வந்துபோவதன்று. தீபாவளி ஓய்ந்த சில வாரங்களில் கிறிஸ்துமஸ்; அதற்கு அடுத்த வாரமே புத்தாண்டு. பனிமய மாதா பேராலயத்தைச் சுற்றிய தெருக்களிலிருந்து தெற்கே மணப்பாடு வரை, பரதவர் ஊர்களுக்கு டிசம்பர் கடைசி வாரம் கொண்டாட்டத்தின் உச்சம். வெடி மட்டும் எல்லாருக்கும் பொது. சிவகாசியோ பக்கத்து மாவட்டம். அத்தொழிலை நம்பிப் பிழைப்போர் நம்மவர்களே; ஆகவே பட்டாசே கூடாது என்று நாங்கள் வாதிட வரவில்லை. நேரத்தைப் பற்றியே பேச வந்தோம்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரம் என வரையறுத்தது. தமிழகத்தில் அது காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று ஆயிற்று. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இரவு 11.55 முதல் 12.30 வரை மட்டுமே. சரவெடிக்குத் தடை. இத்தீர்ப்பு தில்லியின் புகைப் பிரச்சினையாகவும் மத உரிமைச் சர்ச்சையாகவும் பேசப்பட்ட அளவுக்கு, நாய் வளர்ப்பவன் கண்கொண்டு பார்க்கப்படவில்லை. அவனுக்கு இந்த அட்டவணையைவிட உதவியான மருந்து கிடையாது. ஆறு மணிக்கு முன் நாயை வெளியே நடத்திவிட்டு வரலாம். வயிறாரப் போட்டு, வீட்டின் உள்ளறையில், ஆள் ஒருவர் துணையாக இருக்க வைத்துக்கொள்ளலாம். எட்டு மணிக்கு மேல் கதவைத் திறக்கலாம். அட்டவணை மீறப்படும் ஊரில் இவையெல்லாம் வீண்.

மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாயின் காது 45,000 வரை, பூனையின் காது அதற்கும் மேலே. வெடிக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்போ நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபல். நமக்கே காதைப் பொத்தத் தோன்றும் ஓசை அது. அதற்குக் காரணம் பண்டிகை என்பதை அந்த ஜீவனிடம் எப்படிச் சொல்வது? எதிரி எங்கே என்று தெரியாமல் ஓடுகிறது. கன்னியும் சிப்பிப்பாறையும் நம் கரிசல் சீமையின் வேட்டை நாய்கள், ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்டவை. மிரண்டு ஓடினால் ஊர் எல்லை தாண்டிய பிறகே நிற்கும். திரும்பி வர வழி தெரியாது. கழுத்துப் பட்டையில் கைபேசி எண் எழுதியிருந்தால் மீட்க வாய்ப்புண்டு. ஓடிவிடும் என்று அஞ்சிச் சங்கிலியில் கட்டிப்போடுவது அதைவிடக் கேடு: துள்ளித் துள்ளிக் கழுத்து இறுகிவிடும். மனிதருக்கான தூக்க மாத்திரையைக் கொடுக்கும் வழக்கமும் சில வீடுகளில் இருக்கிறது. கால்நடை மருத்துவரைக் கேளாமல் அதைச் செய்வது விஷம் வைப்பதற்குச் சமானம்.

விஷம் என்றதும் கிறிஸ்துமஸ் கேக் நினைவுக்கு வருகிறது. அதிலுள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், சாக்லேட்டும் ஆகாது. முந்திரியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த நம்மூர் மக்ரூனில் அந்த ஆபத்து இல்லை என்றாலும், அத்தனை சீனி எந்த நாய்க்கும் தேவையில்லை. அன்பின் மிகுதியால் விருந்தினர் ஊட்டிவிடுவதைத் தடுப்பதுதான் வெடியைத் தடுப்பதைவிடக் கடினம்!

ஊர் கூடினால் முடியுமா என்று ஐயுறுவோருக்குத் தொலைதூர உதாரணம் தேட வேண்டியதில்லை. நாங்குநேரிக்கு அருகே கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். அவை மிரளக் கூடாதென்று ஊரார் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப் பறவைகளுக்காக அதே வழக்கம். எங்கிருந்தோ வந்துபோகும் பறவைக்காக வெடியையே விட்டவர்கள் அவர்கள். காலமெல்லாம் நம் வாசலைக் காக்கும் நாய்க்காக நாம் கேட்பது கடிகாரத்தைப் பார்ப்பது மட்டுமே.

கடற்கரையில் வள்ளத்தின் நிழலில் படுத்துக்கிடக்கும் நாய்களுக்கு உள்ளறையும் கிடையாது, கட்டிலும் கிடையாது. அவற்றுக்குள்ள ஒரே பாதுகாப்பு, வெடிப்பவர்கள் நேரத்தோடு நிறுத்திக்கொள்வது. நள்ளிரவுத் திருப்பலி முடியும்போது ஆலய ஒலிபெருக்கியிலும், தீபாவளிக்கு முந்தைய மாலை கோயில் ஒலிபெருக்கியிலும் வெடிக்கும் நேரத்தை ஒருமுறை அறிவிக்கலாம். தெருச் சங்கங்கள் அதையே தெருமுனைப் பலகையில் எழுதி வைக்கலாம். செலவு ஒரு சுண்ணாம்புக்கட்டி.