வலிக்காத தேமல்

உடம்பில் தேமல் வந்தால் நம் வீடுகளில் யாரும் பதறுவதில்லை. "சத்துக் குறைச்சல், எண்ணெய் தடவு, போய்விடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அரித்தாலாவது டாக்டரிடம் போவார்கள். தொழுநோயின் தேமல் அரிக்காது, வலிக்காது. கிள்ளினால்கூடத் தெரியாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம். எல்லா நோயாளிகளுக்கும் நம்பிச் செய்யக்கூடிய ரத்தப் பரிசோதனை இன்றுவரை கிடையாது. பஞ்சைத் திரித்து, அதன் நுனியால் தோலைத் தொடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டிருப்பவர், தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். மற்ற இடங்களில் டக்கென்று காட்டுபவர், தேமலைத் தொடும்போது மட்டும் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பார். அடுத்தது முழங்கை. இடித்துக்கொண்டால் ஷாக் அடிப்பதுபோல் சுரீரென்குமே, அந்த நரம்பு சிலருக்குக் கயிறு மாதிரி தடித்துக் கைக்குத் தட்டுப்படும். இன்னொரு வகை உண்டு. அதில் தேமலே எடுப்பாகத் தெரியாது. முகம் மினுமினுக்கும், காது மடல் தடிக்கும், புருவம் உதிரும். "முகத்தில் என்ன களை!" என்று பாராட்டுகிறவர்களும் இருப்பார்கள்.

பார்க்கத் தெரிந்த கண்ணும் தொடத் தெரிந்த கையும்தான் இந்த நோய்க்குக் கருவி. நாம் தொலைத்துக்கொண்டிருப்பதும் அவற்றைத்தான்.

2005 டிசம்பருக்குள் இந்தியா தொழுநோயை ஒழித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த 'ஒழிப்பு'க்கு அகராதிப் பொருள் கிடையாது; சிகிச்சையில் இருப்பவர்கள் 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்பதே அதன் அளவுகோல். டாப்சோன் என்ற மருந்து மட்டும் இருந்த காலத்தில் நோயாளிகள் ஆண்டுக்கணக்கில், சிலர் ஆயுள் முழுக்க, மாத்திரை விழுங்கினார்கள்; அத்தனை காலமும் பதிவேட்டில் பெயர் இருந்தது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் சேர்ந்த கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பின்னர் சிகிச்சைக் காலம் 6 அல்லது 12 மாதமாகச் சுருங்கியது. மாத்திரை முடிந்ததும் பெயரை அடித்துவிடலாம். நோய் குறைந்தது உண்மை. பதிவேடு அதைவிட வேகமாக மெலிந்ததும் உண்மை. இன்றும் இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்படுகிறது. உலகக் கணக்கில் பாதிக்கு மேல் நம்முடையது.

ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட நோயைத் தேடி யார் வீடு வீடாகப் போவார்கள்? தொழுநோய்க்கென்றே பயிற்சி பெற்ற பழைய ஊழியர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். அந்த வேலை, ஏற்கெனவே நூறு வேலை சுமக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தலையில் விழுந்தது. செங்கல்பட்டும் கரிகிரியும் உலகத்துக்கே இந்நோயைப் பாடம் நடத்திய ஊர்கள். வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை சிகிச்சை செய்தார். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. சுடுவதும் குத்துவதும் தெரியாததால் பட்ட காயங்களே அவற்றைத் தின்கின்றன என்று எடுத்துக்காட்டியவரும் அவர்தான். அந்த மண்ணிலேயே இன்று இந்தத் தேமலுக்குப் படைக் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினால் அதை என்னவென்று சொல்வது?

மருந்து இலவசம். தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் பெரும்பாலும் போய்விடும். ஆனால், செத்துப்போன நரம்பு மாத்திரையால் உயிர்பெறாது. மருந்து சாப்பிடும்போதே நரம்பு திடீரென வீங்கி வலிப்பதும் உண்டு. உடனே ஸ்டீராய்டு கொடுக்காவிட்டால் கை முடங்கலாம். 'மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். குளோஃபாசிமின் தோலைக் கறுக்கவைக்கும். கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை.

சட்டம் மெதுவாகவேனும் நகர்ந்தது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல் நீக்கப்பட்டது. விவாகரத்துக்கான காரணங்களில் இருந்து தொழுநோயை எடுத்தது 2019இல். தெருதான் நகரவில்லை. நோயாளியோடு நெருங்கிப் பழகுபவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தால் நோய் வரும் வாய்ப்பு குறைகிறது. அதைக் கொடுக்க, ஊழியர் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். "யாருக்கு வந்திருக்கு?" என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். தெரு முழுக்க எல்லோருக்கும் தோல் பரிசோதனை என்று ஒரே நாளில் நடத்தினால், அந்தக் கேள்விக்கு இடமில்லை. அதற்கு ஆள் வேண்டும், பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஆள்.