எடுக்காமல் இருக்கும் உரிமை

சுவரிலிருந்து வரும் டெலிபோன் ஒயரைப் போனிலிருந்து கழற்றி, ஆன்சரிங் மெஷினின் பின்புறம் ‘லைன்’ என்று எழுதியிருக்கும் துளையில் செருக வேண்டும். பக்கத்துத் துளையிலிருந்து ஒரு சின்ன ஒயர் போனுக்குப் போகும். கரண்ட் பிளக்கை மாட்டினால் வேலை முடிந்தது. பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய மெஷினை இப்படித் தன் வீட்டு லைனில் தானே மாட்டிக்கொள்ளும் உரிமைக்காக அமெரிக்கக் குடும்பங்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

தொழில்நுட்பம் இல்லாமல் போனதால் அல்ல. டென்மார்க்கின் வால்டெமார் போல்சன் 1898லேயே எஃகுக் கம்பியில் குரலைப் பதியும் டெலிகிராஃபோனைச் செய்துவிட்டார். ஆள் இல்லாத நேரத்தில் போனில் வரும் சேதியைப் பிடித்துவைப்பதுதான் அவர் மனதில் இருந்த முதல் பயன். 1900 பாரிஸ் கண்காட்சியில் ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் அதில் பேசிய சில நொடிகளை இன்றும் கேட்க முடிகிறது.

1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற ஆய்வாளர் காந்த நாடாவில் இயங்கும் ஆன்சரிங் மெஷினையே செய்து காட்டினார். ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவரவில்லை. பேச்சு பதிவாகும் என்று தெரிந்தால் மக்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள், வியாபாரிகள் போனைவிட்டு மறுபடி கடிதத்துக்குப் போய்விடுவார்கள் என்று அதன் நிர்வாகிகள் அஞ்சினார்கள். ஆய்வகத்தின் பழைய ஏடுகளைப் புரட்டி மார்க் கிளார்க் என்ற வரலாற்றாய்வாளர் 1993ல் எழுதிய பிறகே இந்தக் கதை பரவலாக வெளியே வந்தது.

நிறுவனத்தின் விதி கறாரானது: அதன் போனில் அடுத்தவர் தயாரித்த எதையும் ஒட்டக்கூடாது. பேசுவது பக்கத்தில் இருப்பவர் காதில் விழாமலிருக்க, ஒலிவாங்கியில் மாட்டும் கிண்ணம் போன்ற ‘ஹஷ்-எ-ஃபோன்’ கூடக் குற்றமாகப் பார்க்கப்பட்டது. 1956ல் நீதிமன்றம் அந்தக் கிண்ணத்தின் பக்கம் நின்றது. 1968ல் டெக்சாஸ்காரர் தாமஸ் கார்ட்டரின் ‘கார்ட்டர்ஃபோன்’ கருவி பற்றிய வழக்கில், லைனுக்குக் கேடு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்று மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் உத்தரவிட்டது. அதன் பிறகும் ‘பாதுகாப்புக் கருவி’ என்று ஒன்றை வாடகைக்கு எடுக்கச் சொல்லி நிறுவனம் இழுத்தடித்தது. 1970களின் பிற்பகுதியில்தான் பதிவு பெற்ற கருவியை யாரும் நேரடியாகச் செருகலாம் என்றாயிற்று. இன்று நம் வீட்டு லேண்ட்லைன் ஒயரின் முனையில் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பிளக், ஆர்ஜே-11, அந்தப் போராட்டத்தின் மிச்சம்.

மணி அடித்தால் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை முதலில் உடைத்தது ஆன்சரிங் மெஷின்தான். அழைப்பவர் குரல் பதிவாகும்போதே ஸ்பீக்கரில் கேட்கும். தெரிந்தவர் என்றால் ரிசீவரை எடுத்துப் பேசலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். முடிவு வீட்டுக்காரர் கையில்.

அந்த உரிமை இப்போது யாருக்கு மிக அவசரமாகத் தேவை? வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு. போலீஸ் போல் நடித்து ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றி இந்தியப் பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரித்தார். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்றார். அந்த மோசடியின் பலமெல்லாம் எதிராளியை யோசிக்க விடாமல் பேசிக்கொண்டே இருப்பதில்தான். பீப் சத்தத்துக்குப் பிறகு ஆளில்லாத மெஷினிடம் அந்த வித்தை எடுபடாது. மிரட்டலைப் பதிவாக விட்டுப்போனாலும், சைபர் மோசடிக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

இந்த மோசடிகளில் பல செல்போன் வழியாக நடப்பது உண்மைதான். அங்கேயும் பழைய யோசனையே திரும்பி வந்திருக்கிறது. அழைப்பவரிடம் யார், எதற்கு என்று போனே கேட்டுச் சொல்லும் வசதியைக் கூகுள் 2018ல் பிக்சலிலும் ஆப்பிள் 2025ல் ஐபோனிலும் கொண்டுவந்தன. அழைப்பவர் பெயரைத் திரையில் காட்ட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. நல்லதுதான், ஆனால் பார்வை மங்கியவருக்குத் திரையில் ஓடும் பெயர் எதற்கு உதவும்? காதால் கேட்டு முடிவெடுக்கும் வசதியை ஒவ்வொரு லேண்ட்லைனிலும் கட்டணம் இல்லாமல் தருவது தொலைபேசி நிறுவனங்களின் கடமை. விலை உயர்ந்த போன் வாங்குபவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக அது நின்றுவிடக் கூடாது.

அதுவரை, வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் அப்பா அம்மாவுக்கு இன்னொரு செல்போன் வாங்குவதற்குப் பதில், ஆன்சரிங் மெஷின் சேர்ந்த கார்ட்லெஸ் போன் ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் மோடத்தின் போன் துளையில் செருகினால் போதும். நான்கு முறை மணி அடித்த பிறகு மெஷின் எடுக்கும்படி வைக்க வேண்டும். அதற்கும் குறைவாக வைத்தால் தாங்களே பேச விரும்பும் நேரத்திலும் பெரியவர்களால் எழுந்து வந்து எடுக்க முடியாது. கம்பெனி வைத்துக் கொடுத்த ரகசிய எண்ணை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். அது தெரிந்தால் யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் மெசேஜ்களைக் கேட்டுவிடலாம்.

வரவேற்புக் குரலில் அவசரம் கூடாது. ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று சொல்லவே கூடாது, அது திருடனுக்குத் தரும் தகவல். பெயரும் வேண்டாம். “இப்போது பேச முடியவில்லை. உங்கள் பெயரையும் விஷயத்தையும் சொல்லுங்கள், கூப்பிடுகிறோம்” என்பது போதும். தனியாக இருக்கும் அம்மா வீட்டில் அதை மகனோ பேரனோ பேசிப் பதிவது நல்லது. பதிந்த பிறகு அடுத்த அறையிலிருந்து செல்போனில் கூப்பிட்டு, சிவப்பு விளக்கு மினுக்குகிறதா என்று அம்மாவையே பார்க்கச் சொல்ல வேண்டும். பட்டனை அவர் விரலே ஒருமுறை அழுத்தட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். சில நொடி மௌனம் வந்தால் ஆள் போய்விட்டார் என்று பல மெஷின்கள் இணைப்பைத் துண்டித்துவிடும். ஆகவே பீப் வந்ததும் “அம்மா, நான்தான்” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. சாப்பிட்டீர்களா, மழை பெய்ததா, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அடுப்படியில் இருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து ரிசீவரை எடுக்கும்வரை.