மின் சேமிப்புக்கும் வேண்டும் ஆதார விலை

நண்பகலில் சூரிய மின்சாரம் குவியும்போது மின் சந்தையில் யூனிட் விலை இரண்டு, மூன்று ரூபாய்க்கும் கீழே இறங்குகிறது. பொழுது சாய்ந்து வீடுகளில் விளக்கும் ஏசியும் ஓடத் தொடங்கியதும் அதே சந்தையில் பல நாட்களில் விலை அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான 10 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. காற்றாலைப் பருவத்தில், காற்று வீசிக்கொண்டிருக்கும்போதே ஆலைகளை நிறுத்தச் சொல்லும் நாட்களும் தமிழகத்தில் உண்டு. ஆக, சேமிக்கச் சரக்கும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. ஆனாலும் 1980களின் இறுதியில் கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் (மலிவான நேரத்தில் நீரை மேலேற்றி, தேவையான நேரத்தில் கீழே விட்டு மின்சாரம் எடுப்பது) வந்த பிறகு, அடுத்ததான 500 மெகாவாட் குந்தா திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. தனியாரை அழைத்து 2024-ல் மாநில அரசு ஒரு கொள்கையையும் வெளியிட்டது. அழைத்தால் மட்டும் பணம் வந்துவிடாது.

காரணம் கணக்கில் இருக்கிறது. இத்தகைய நிலையத்தைக் கட்டவே பல ஆண்டுகள் ஆகும். ஓடுவதோ நாற்பது ஆண்டுக்கு மேல். அதன் வருமானம் மலிவான நேரத்துக்கும் கிராக்கியான நேரத்துக்கும் உள்ள விலை இடைவெளிதான். பத்து நிலையங்கள் வந்துவிட்டால் நண்பகல் விலை ஏறும், மாலை விலை இறங்கும், இடைவெளி சுருங்கும். மக்களுக்கு எது லாபமோ அதுவே பணம் போட்டவருக்கு நஷ்டம். கடன் கொடுக்கும் வங்கிக்கு இது தெரியாமல் இல்லை. பேட்டரிகளுக்கு மூலதனச் செலவில் 40 சதவீதம் வரை தருவதாக 2023-ல் மத்திய அரசு அறிவித்தது போன்ற மானியம் தொடக்கச் சுமையைக் குறைக்கும். பதினைந்தாம் ஆண்டு வருமானத்துக்கு அதனால் உறுதி கிடைக்காது.

பிரிட்டனில் 1984-ல் வேல்ஸ் மலைக்குள் டினோர்விக் நிலையம் திறந்தபின் புதிதாகப் பெரிய நீரேற்று நிலையம் எதுவும் எழவில்லை. சந்தை பார்த்துக்கொள்ளும் என்று நெடுநாள் காத்திருந்த அரசு, 2024 அக்டோபரில் வேறு வழியை அறிவித்தது. நிலையத்தின் வருமானத்துக்கு ஒரு அடிவரம்பு, ஒரு உச்சவரம்பு. கீழே போனால் குறையை நுகர்வோர் கட்டணத்திலிருந்து ஈடுகட்டுவார்கள்; மேலே போனால் மிகுதியில் பங்கு நுகர்வோருக்குத் திரும்பும். எட்டு மணி நேரமாவது தொடர்ந்து முழுத் திறனில் மின்சாரம் தர வேண்டும் என்பது தகுதி. நெல்லுக்குக் கொடுக்கும் ஆதார விலை போன்றதுதான். விலை எகிறினால் மிச்சத்தில் பங்கைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனைதான் கூடுதல். தமிழகமும் இப்படியோர் உத்தரவாதத்தை ஏலம் வழியே தரலாம்.

பேட்டரி விலை சரிந்துகொண்டே போகிறதே, பொறுத்திருந்தால் போதாதா என்று கேட்கலாம். சரிவு உண்மை. 2022 ஏலத்தில் மெகாவாட்டுக்கு மாதம் சுமார் 10.8 லட்சம் ரூபாயாக இருந்த வாடகை, அடுத்த சில ஆண்டுகளில் அதில் சிறு பங்காகிவிட்டது. ஆனால் அது இரண்டு மணி நேர பேட்டரிக்கான ஏலம். மாலை நெருக்கடியில் பாதியைத் தாண்ட உதவும், இரவு முழுக்கக் காற்று ஓய்ந்தால் உதவாது. எட்டு மணி நேரத்தை பேட்டரியே மலிவாகத் தரும் என்றால் அதுவும் ஏலத்துக்கு வரட்டும். உத்தரவாதம் மணிக்கணக்குக்குத்தான், இயந்திரத்துக்கு அல்ல.

லட்சம் கோடிக்கு மேல் கடன் சுமக்கும் மின்வாரியம் இன்னொரு பொறுப்பை ஏற்கலாமா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. அடிவரம்பைத் தாராளமாக வைத்தால் ஏற்கக் கூடாது என்பதே பதில். கடன் தவணைக்குப் போதுமான அளவில் அதை நிறுத்த வேண்டும், லாபத்துக்கு உத்தரவாதம் கூடாது. கேட்ட நேரத்தில் இயந்திரம் ஓடாத மாதத்துக்கு அந்தத் தொகையும் வெட்டப்பட வேண்டும். உத்தரவாதம் இல்லாத இன்றைக்கும் நெருக்கடி மாலைகளில் 10 ரூபாய் மின்சாரத்துக்குப் பணம் கட்டுவது அதே நுகர்வோர்தான்.

இத்தகைய நிலையங்கள் எழும் மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய கவலையை மட்டும் ஏலத்தில் தீர்க்க முடியாது. குந்தா திட்டம் ஏற்கெனவே உள்ள போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு நீர்த்தேக்கங்களைச் சுரங்கம் வழியே இணைப்பது. அப்படியிருந்தும் மலையைக் குடைந்தே ஆக வேண்டும். பழைய அணைகளுக்கிடையே அமைபவற்றுக்கு அடிவரம்பு தரலாம். சோலைக்காட்டை மூழ்கடித்துப் புதிய அணை கேட்கும் திட்டத்துக்கு, எவ்வளவு மலிவாக ஏலம் கேட்டாலும், தரவேண்டியதில்லை.