கூட வந்தவருக்குத் துணை யார்?

பயாப்சி முடிவு வரும் நாளில் நம் வெளிநோயாளர் பிரிவுகளில் அடிக்கடி நடப்பதுதான். அம்மாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மகள் மட்டும் உள்ளே வருவார். முடிவைக் கேட்டதும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "அம்மாவுக்குத் தெரிய வேணாம் டாக்டர், வயித்துல புண்ணுன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம்" என்பதாக இருக்கும். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போவார். அந்த நிமிடத்திலிருந்து வீட்டுக்குள் அவருக்குப் பேச ஆள் கிடையாது. அம்மாவிடம் மறைக்க வேண்டும். அப்பா உடைந்துபோவாரோ என்று பயம். சொந்தக்காரர் காதுக்குப் போனால் தங்கைக்கு வரும் வரன் தட்டிப்போகுமோ என்ற கவலை வேறு.

வலிநிவாரண சிகிச்சைக்கு உலக சுகாதார நிறுவனம் 2002இல் தந்த வரையறை, நோயின்போதும் இழப்புக்குப் பிறகும் குடும்பத்தைத் தாங்கிப்பிடிப்பதை நம் வேலையின் ஒரு பகுதியாகவே சொல்கிறது. ஆனால் நம் கேஸ் ஷீட்டில் அந்த மகளுக்குக் கிடைக்கும் இடம் ஒரு வரிதான்: அட்டெண்டர் பெயர், உறவுமுறை, கைபேசி எண். சமூகப் பணியாளர் இருக்கும் இடங்களில் குடும்ப வரைபடம் போடுகிறோம். அதிலும் ரத்த உறவும் திருமண உறவும்தான் வரும். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கு யார் யார் உண்டு என்பதைக் காட்டும் வரைபட முறையை ஆன் ஹார்ட்மன் என்ற அமெரிக்கச் சமூகப் பணி அறிஞர் 1975இலேயே உருவாக்கித் தந்துவிட்டார். பாடத்தில் படித்த நாம் வார்டில் அதை எடுப்பது அரிது. முழு வரைபடம் போட நேரமில்லாவிட்டாலும் ஒரு கேள்வி கேட்கலாம்: "இதை வீட்டுக்கு வெளியே யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் தைக்கும் ஒரு பெண். அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். வாரத்தில் ஐந்து நாள் கரண்ட் வைக்க வேண்டும், வாரம் ஒருமுறை கீமோ. தினமும் லீவு போட்டால் சம்பளம் போய்விடும். இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் பக்கத்து மெஷினில் தைக்கும் தோழியிடம் அவர் வாய்திறந்தார். தோழி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வாரத்தில் இரண்டு நாள் அம்மாவை அழைத்துவந்தார். டோக்கன் எடுப்பார், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருப்பார், அதிகம் பேசமாட்டார். மூன்றாவது வாரம் அந்த அம்மா அவரிடம் சொன்னது: "எனக்கு என்ன வியாதின்னு எனக்குத் தெரியும் கண்ணு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவதான் தாங்கமாட்டா." தோழி இதை சிஸ்டரிடம் சொன்னார். சிஸ்டர் தாயையும் மகளையும் ஒரு மதியம் தனி அறையில் உட்காரவைத்தார். மகளிடம் நாம் எத்தனை முறை எடுத்துச் சொல்லியும் அவிழாத முடிச்சு அது.

நட்புக்கு இந்த பலம் இருப்பதற்குக் காரணம் உண்டு. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரண இயக்கம் அக்கம்பக்கத்தாரைத் தன்னார்வலர்களாகப் பழக்கியது, அதிலிருந்து நாம் நிறையக் கற்றுக்கொண்டோம். ஆனால் தன்னார்வலர் வருவது நோயாளிக்காக. தோழி வருவது மகளுக்காக. மகளை மகளாக மட்டும் பார்க்காமல், அவளுக்கென்று ஒரு வாழ்க்கை இருப்பதையும் அறிந்தவள் அவள்.

நண்பர்களுக்கு மனம் இருக்கும், என்ன செய்வதென்று தெரியாது. முதல் வாரம் பழமும் ஹார்லிக்ஸுமாகக் கூட்டம் கூடும், பிறகு வடிந்துவிடும். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு கீமோ என்றால் நான்கு மாதத்துக்குக் குறையாது. ஆகவே தேதியோடு வேலையைச் சொல்லுங்கள். கீமோ முடிந்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பெரும்பாலும் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலம். அப்போது நடுராத்திரியில் 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு தெரு தள்ளி வண்டி வைத்திருக்கும் நண்பனுக்கு அந்த எட்டு நாள்கள் எவை என்று தெரிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அட்டையில் அவன் எண்ணை எழுதிக்கொள்ளச் சொல்வது நம் பொறுப்பு.

சொல்லக் கூடாததையும் சொல்லித்தர வேண்டும். கீமோவே வேண்டாம், முள்சீத்தா போதும் என்று வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகள், "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், மூணே மாசம்" என்ற கதைகள். "தைரியமா இரு" என்பதும் பல நேரம் அழ வந்தவரின் வாயை அடைத்துவிடுகிறது. "சாப்பிட்டியா? நாளைக்கு நான் வரட்டுமா?" என்று கேட்டால் போதும்.

மகன்களிடம் கூடுதல் கவனம் வேண்டும் என்பது என் எண்ணம். ஒரு குரல் கொடுத்தால் ரத்தம் கொடுக்க நான்கு நண்பர்கள் வந்து நிற்பார்கள். அந்த நால்வரிடமும் அவன் தன் பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டான். பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளோ பள்ளியில் யாரிடமும் சொல்வதில்லை. ஒட்டிக்கொள்ளும் நோய் என்று கூடப்படிப்பவர்கள் விலகிவிடுவார்களோ என்ற பயம். இது தொற்றும் நோயல்ல என்று அந்தப் பிள்ளையிடமே முதலில் சொல்லுங்கள். பெற்றோர் சம்மதித்தால் வகுப்பாசிரியரிடமும் பேசலாம்.

இதில் நமக்கு எல்லை உண்டு. நோய் பற்றிய தகவல் நோயாளியுடையது. நாமாக எந்த நண்பரையும் அழைக்கக் கூடாது, எதையும் வெளியிடக் கூடாது. தன் துக்கத்தை ஒருவரிடம் சொல்லும் உரிமை மகளுக்கு உண்டு என்பதை நினைவூட்டுவது மட்டுமே நம் வேலை. நண்பர் மனநல ஆலோசகரும் அல்ல. மன உளைச்சலைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் நோயாளியிடம் கேட்கிறோமே, அதைக் கூட வந்தவரிடமும் கேளுங்கள். நான்கு அல்லது அதற்கு மேல் சொன்னால் ஆலோசகரிடம் அனுப்புங்கள். ஆலோசகர் இல்லாத ஊரில் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது.

அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் கேஸ் ஷீட்டில் அட்டெண்டர் வரிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்துப் பாருங்கள்: 'அட்டெண்டருக்குப் பேச ஆள் உண்டா?' பெயர்கூட வேண்டாம், உண்டு அல்லது இல்லை என்பது போதும். என்ன தெரியவந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகும் செவிலியர்களின் கடிதங்களைக் குறிப்பாக எதிர்பார்க்கிறோம். மூன்றாவது மாதத்திலும் அந்த வீட்டுக்கு யார் வந்துபோகிறார்கள் என்பதை நேரில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.